பத்திரத்தில் எழுதிப் பிரிந்தால் விவாகரத்து ஆகுமா?

வணக்கம் அக்கா,

தங்கை விஷயமாக எழுதுகிறேன். கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு செய்யவில்லை. நான்காம் வருடமே ஒத்துவராமல் பிரிந்துவிட்டார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் சீலும் வாங்கினோம். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பையனும் இருக்கிறான். தங்கைக்குப் பத்து வயதில் மகள். இப்போது கூட வேலை பார்க்கும் ஒருவர் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். அம்மா, "ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தாலே விவாகரத்து ஆன மாதிரிதான், முடிஞ்ச கதைக்கு எதுக்கு கோர்ட்டுப் படி ஏறணும்?" என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மனசு ஒப்பாதது நியாயம்தான். சட்டப்படி உங்கள் தங்கை இன்றைக்கும் அவருடைய மனைவி. பதிவு செய்யாததால் இது மாறாது. சடங்கோடு நடந்த கல்யாணம் பதிவு இல்லாமலும் செல்லும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி அதை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். சில சமூகங்களில் கோர்ட்டுக்குப் போகாமல் பெரியவர்கள் முன்னால் அத்துவிடும் வழக்கம் உண்டு, சட்டமும் 29ஆம் பிரிவில் அதை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்பதைச் சொல்பவர்தான் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும்.

அம்மா சொல்லும் ஏழு வருடக் கணக்கைப் பலரும் நம்புகிறார்கள். கணவரோ மனைவியோ உயிரோடிருக்கிறார் என்ற தகவலே ஏழு வருடமாக இல்லையென்றால், அதைக் காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். அதுவும் கேட்கலாம் என்பதுதான், தானாக ஆகிவிடாது. இங்கே அவர் காணாமலும் போகவில்லை.

பத்திரத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். "இனி ஒருவருக்கொருவர் எவ்வித சம்பந்தமும் இல்லை" என்பது எல்லாப் பத்திரத்திலும் வரும் வரி. அதற்குக் கீழே, குழந்தைக்காக எந்தக் காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று தங்கை எழுதிக்கொடுத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வயதுக் குழந்தையின் சாப்பாட்டையும் படிப்பையும் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், நோட்டரி அதில் சீல் குத்தியிருக்கிறார். அந்த வரி செல்லாது. ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. அம்மா கையெழுத்துப் போட்டு அதை இல்லாமல் ஆக்க முடியாது. முன்பு 125ஆம் பிரிவு என்று சொல்வோமே, அது 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. அதன்படி மகளுக்காக இன்றைக்கே மனு போடலாம். மனு போட்ட தேதியிலிருந்து தொகையைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. அதனால் போன ஒன்பது வருடம் போனதுதான். இனியும் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தைக்கு நஷ்டம்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லுங்கள். தங்கைக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால், அவள் சம்பாதித்துச் சேர்த்ததற்கு வாரிசு யார்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளும் கணவரும். உயில் எழுதி வைக்கவில்லை என்றால் மகளுக்குப் பாதி, ஒன்பது வருடமாக எட்டிப் பார்க்காத அவருக்குப் பாதி. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனால் அவர் பெயரும் அதில் வரும். முடிந்த கதை என்று அம்மா சொல்வது காகிதத்தில் இன்னும் முடியவில்லை.

அவர் செய்துகொண்ட இரண்டாம் கல்யாணமும் செல்லாது. அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் மனைவி என்ற இடமே இல்லை. அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்றே தெரியவில்லை, எனக்கு அவரை நினைத்தும் கவலைதான். பையனுக்கு மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு துணை நிற்கிறது. கல்யாணம் செல்லாவிட்டாலும் பிள்ளை முறையான பிள்ளைதான். முதல் கல்யாணம் முறியாமல் இன்னொன்று செய்வது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதே பிரிவு நாளை தங்கைக்கும் பொருந்தும். அவசரப்பட்டுத் தாலி கட்டிக்கொண்டால் அவளும் குற்றவாளிதான்.

சரி, என்ன செய்யலாம்? அவர் சம்மதித்தால் வழி எளிது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனு போடலாம். ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், உங்களுக்கு ஒன்பது வருடம் ஆகிறது. மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். நீண்ட நாள் பிரிந்திருந்து, குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தள்ளுபடி கேட்டுத் தனியாக ஒரு மனு போட வேண்டும். பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். விவாகரத்துக்கு உதவாவிட்டாலும், எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம். அவருக்கும் இதில் தேவை இருக்கிறது: இந்தத் தீர்ப்பு வந்த பிறகுதான் அவர் அந்தப் பெண்ணை முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியும். மிரட்டாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஜெயிலில் தள்ளிவிடுவேன் என்று பேச்சை ஆரம்பித்தால் அவர் வக்கீல் பின்னால் ஒளிந்துகொள்வார், உங்களுக்கு வருடங்கள்தான் போகும்.

சம்மதிக்கவில்லை என்றால் தங்கை தனியாக மனு போட வேண்டியதுதான். அதை அவள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 2003இல் வந்த திருத்தம் பெண்களுக்கு அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. கைவிட்டுப் போனார் என்பதைக் காரணமாக வைப்பது கடினம், சம்மதித்துப் பிரிந்ததாக அந்தப் பத்திரமே சொல்கிறதே. அவர் வேறு பெண்ணோடு குடும்பம் நடத்துவதே போதுமான காரணம்.

அம்மாவின் பயம் பணத்தைப் பற்றியதாக இருந்தால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். ஊர் என்ன பேசும் என்பதுதான் பயம் என்றால், குடும்ப நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரிக்கும்படி கேட்கலாம். ஒரு தரப்பு கேட்டாலே அப்படித்தான் விசாரிக்க வேண்டும். எத்தனையோ பெண்கள் கையில் வெறும் சீல் குத்திய தாளோடு வருடக்கணக்காக இருப்பதற்குக் காரணம் இந்தக் கோர்ட்டு பயம்தான். கோர்ட்டுக்குப் போவது கேவலம் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே பெண்களுக்குச் சேர வேண்டியதை இழக்க வைத்திருக்கிறோம்.

தங்கையைக் கேட்டிருப்பவரிடம் எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கைக்கு வரும்வரை தேதி குறிக்க வேண்டாம். கணவர் சம்மதிக்காமல் வழக்கு நடந்து வரும் தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக்கான காலமும் முடிய வேண்டும். ஆனால் மகளின் ஜீவனாம்ச மனு எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா