எதிரே வருபவரின் கண் கூசுகிறதா?

கேள்வி: ஆனேக்கல் சாலையில் இரவில் லோ பீமில்தான் காரை ஓட்டுகிறேன். ஆயினும் எதிரே வருபவர்கள் ஹெட்லைட்டை மின்னவிட்டு எச்சரிக்கிறார்கள். என்ன காரணம்?
- வாசகர், அல்சூர், பெங்களூரு.

பதில்: பின்னிருக்கையில் ஆட்களும் டிக்கியில் சாமான்களும் நிறைந்திருந்தால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து, வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பல கார்களில் இதைச் சரிசெய்ய, ஸ்டீயரிங் அருகே 0 முதல் எண்கள் கொண்ட திருகி ஒன்று இருக்கும். எண் கூடக் கூட ஒளி தாழும். இதைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம்.

அதன் பிறகும் கூசினால், டயர்களின் காற்றைச் சரிபார்த்து, திருகியை 0-இல் வைத்து, ஓட்டுநர் மட்டும் அமர்ந்த நிலையில், சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் சரிவான பார்க்கிங் இதற்கு உதவாது. விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டினால், லோ பீமின் மேல்விளிம்பு பொதுவாக அதற்குச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். அந்த விளிம்பு இடப்பக்கம் சற்று ஏறியிருப்பது பழுதன்று. இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில் சாலையோரம் தெரிவதற்காகவே அந்த அமைப்பு. விளக்கின் பின்னாலுள்ள திருகாணிகளில் மேல்கீழாக நகர்த்துவதை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு பொருத்தியிருந்தால், ஒளி தோன்றும் இடம் மாறி எங்கும் சிதறக்கூடும் என்பதால், திருகாணியைத் திருப்பிப் பெரும் பயனிராது. கார் நிறுவனம் குறிப்பிட்ட பல்பையே திரும்பப் பொருத்துங்கள்.