விறகு, செயின் சா, கணப்பு: வாசகர் கேள்வி பதில்

மலை ஊர்களில் பனி இறங்கும் மாதங்கள் நெருங்குகின்றன. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கணப்புக்கு விறகு சேர்ப்பவர்கள் அனுப்பியவை. மெஷின் பழுது என்று எழுதியிருக்கும் பலருக்கு உண்மையில் பழுது எதுவும் இல்லை. செயின் மழுங்கியிருக்கிறது, அல்லது பெட்ரோல் பழசாகியிருக்கிறது. எனவே அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

58 சிசி செயின் சா வாங்கி எட்டு மாதம் ஆகிறது. புதிதில் வாழைத்தண்டை அறுப்பதுபோல் அறுத்தது. இப்போது அழுத்திப் பிடித்தால்தான் இறங்குகிறது, புகையும் வருகிறது. புது செயின் மாட்டியும் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது. என்ஜின் பலம் குறைந்துவிட்டதா? (வாசகர், கோத்தகிரி)

என்ஜினைப் பிரிக்க வேண்டாம். மெஷினிலிருந்து கீழே விழுவதைப் பாருங்கள். கூரான செயின் சிறு சிறு சீவல்களாக மரத்தைத் தள்ளும். மழுங்கிய செயின் மாவு மாதிரி தூள் தள்ளும். அழுத்திப் பிடிப்பதால் செயினும், அது சுற்றி ஓடும் நீளத் தகடான பாரும் சூடேறி, மரம் கருகுகிறது. நீங்கள் பார்க்கும் புகை அதுதான்.

புது செயின் இரண்டு நாளில் போனதற்குக் காரணம் மண். இழுத்து வந்த கட்டையின் பட்டையில் ஒட்டிய மண்ணும் பொடிக்கல்லும் வெட்டுப்பல்லை நிமிடங்களில் தேய்த்துவிடும். கட்டையைத் தரையில் கிடத்தி அறுக்கும்போது செயின் நுனி ஒருமுறை நிலத்தைத் தொட்டாலும் போதும், கூர் போய்விடும். கட்டையை இரண்டு குறுக்குக் கட்டைகள்மேல் தூக்கி வையுங்கள். பட்டையில் மண் இருக்கும் இடத்தைக் கோடாரியால் சீவிவிட்டு அங்கே அறுங்கள்.

கூர் தீட்ட வட்ட அரம் வேண்டும். எந்த அளவு என்பது செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி) அளவைப் பொறுத்தது. அது செயின் டப்பாவிலோ பாரின் அடிப்பகுதியிலோ இருக்கும். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். 58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் வரும். சிறிய மெஷின்களில் வரும் தாழ்ந்த ரக 3/8 செயினுக்கு 4 மி.மீ., பெரிய மெஷின்களின் முழு 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. அளவு மாறினால் பல்லின் வளைவு கெட்டு, எவ்வளவு தீட்டினாலும் கடிக்காது.

பாரை ஒரு கட்டையில் அசையாமல் இறுக்குங்கள். செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு, மிக அதிகமாகத் தேய்ந்த பல்லிலிருந்து தொடங்குங்கள். பல்லின் மேல்தட்டில் ஒரு சாய்கோடு இருக்கும், பெரும்பாலும் 30 டிகிரி. அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாக, பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கப் பற்களை முடித்து, மெஷினைத் திருப்பி மறுபக்கம். வெளிச்சத்தில் பாருங்கள்: விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அந்தப் பல் இன்னும் மழுங்கல்தான். கூரான விளிம்பில் அப்படி மின்னாது.

பலரும் விட்டுவிடுவது ரேக்கரை. ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேடுதான் அது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது இதுவே. பல் தேயத் தேய அதன் மேல்விளிம்பு தாழும், ரேக்கர் அப்படியே நிற்கும். பிறகு பல் மரத்தையே தொடாது. மூன்று நான்கு முறை தீட்டியதும், ரேக்கர் அளவுத்தகட்டை வைத்து, வெளியே நீட்டும் பகுதியைத் தட்டை அரத்தால் சீவுங்கள். பல்லின் முனைக்கும் ரேக்கருக்கும் இடையே 0.65 மி.மீ. இருந்தால் போதும். அதிகம் சீவினால் செயின் வெறியாகக் கடித்து மெஷினையே பிடுங்கும், இது ஆபத்து.

அறுப்பு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளைகிறது என்றால் இடது வலது பற்கள் நீளத்தில் ஒத்திருக்கவில்லை. சிறிய பல்லின் அளவுக்கு மற்றவற்றையும் கொண்டுவாருங்கள். பல் 4 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால் அந்தச் செயினை ஒதுக்கிவிடுங்கள், உடைந்து தெறிக்கும். டாங்க் பெட்ரோல் ஒன்று தீரும்போதெல்லாம் இரண்டு தள்ளு தீட்டும் பழக்கம் இருந்தால் ஒரு செயின் பல மடங்கு காலம் வரும்.

மூன்று மாதம் சும்மா இருந்த மெஷின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவித் தருகிறார். இது நிரந்தரமாகத் தீராதா? (வாசகி, குன்னூர்)

தீரும். சிக்கல் கார்புரேட்டரில் அல்ல, அதில் விட்டுவைக்கும் பெட்ரோலில் இருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மூடுபனி இருக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். ஈரம் மிஞ்சியதும் நீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் பில்ட்டரும் அடியில்தான் கிடக்கிறது, ஆகவே முதலில் உறிஞ்சப்படுவது அந்தக் கலவைதான். அதில் ஆயில் இருக்காது. என்ஜின் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஓடாவிட்டால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயபிரம் விறைத்துப் போகும்.

ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். கலவை விகிதத்துக்கு மெஷினோடு வந்த கையேடுதான் பிரமாணம்: 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. கண்ணளவாக ஊற்றாதீர்கள், மருந்து ஊசி சிரிஞ்சில் அளந்தால் துல்லியமாக வரும். எத்தனால் எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்பதையும் அதே கையேட்டில் பாருங்கள். இனி ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால் டாங்கைக் காலி செய்து, மெஷினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் இருப்பதும் எரிந்து தீர்ந்துவிடும். அப்படியே ஏர் பில்ட்டரையும் தட்டிச் சுத்தம் செய்து, பிளக்கின் இடைவெளி 0.5 மி.மீ. இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பார் கொதிக்கிறது, செயின் அடிக்கடி கழன்று விழுகிறது. செயினுக்குக் காரில் எடுத்த பழைய என்ஜின் ஆயில்தான் ஊற்றுகிறேன். (வாசகர், மன்னவனூர்)

பழைய ஆயிலை உடனே நிறுத்துங்கள். அதில் உலோகத் துகளும் அமிலமும் இருக்கிறது. அது செயினில் ஒட்டாமல் தெறித்து, உங்கள் சட்டையிலும் மண்ணிலும் சேரும். செயின் ஆயில் என்று தனியாக விற்பது ஒட்டும் தன்மை கொண்டது. அவசரத்துக்குப் புதிய என்ஜின் ஆயில் ஊற்றலாம்.

ஆயில் வருகிறதா என்று சோதிக்க, ஒரு அட்டைப் பெட்டிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பார் நுனியைப் பிடித்து முக்கால் வேகம் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி அதன் பள்ளத்தையும் ஆயில் துளையையும் மெல்லிய தகட்டால் சுரண்டுங்கள். தூளும் ஆயிலும் சேர்ந்து அங்கே களியாக அடைத்திருக்கும். பெட்ரோல் டாங்க் தீரும்போது ஆயில் டாங்கும் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்க வேண்டும் என்பது எளிய அடையாளம்.

செயினை இறுக்குவது மெஷின் ஆறியிருக்கும்போதுதான். பார் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பார் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடியே திருகை முறுக்குங்கள். கீழ்ப்பக்கம் செயின் தொங்காமல் பாரை ஒட்டி நிற்க வேண்டும். கையுறை போட்டு இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டிருந்தபோது இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி, கிராங்க் பேரிங்கை இழுக்கும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாக்கி மாட்டுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். இரண்டு செயின் தேய்ந்ததும், செயினைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டையும் மாற்றுவது முறை. தேய்ந்த ஸ்பிராக்கெட் புதுச் செயினைக் கெடுக்கும்.

வேகம் கொடுக்காமல் ஐடிலில் விட்டால்கூட செயின் சுற்றுகிறது. (வாசகர், மஞ்சூர்)

ஐடில் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்புறம் திருப்புங்கள், செயின் நிற்கும். நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும், மாற்றும்வரை மெஷினைத் தொடாதீர்கள். பக்கத்தில் இருக்கும், அதிவேகத்தில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எச் (H) திருகை மட்டும் அனுபவம் இல்லாமல் திருப்ப வேண்டாம். பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் பிஸ்டன் போய்விடும்.

அறுக்கும்போது பாதியில் பார் கட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒருமுறை மெஷின் முகத்துக்கு நேராக எகிறியது. (வாசகர், கொடைக்கானல்)

இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

மாட்டிக்கொள்வது எடையால். கட்டையின் இரண்டு முனையும் தாங்கலில் இருந்தால் நடுவில் மேற்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக முடியுங்கள். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இதற்கு நேர்மாறு: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மாட்டிவிட்டால் என்ஜினை நிறுத்திவிட்டு, அறுத்த வாயில் ஆப்பு அடித்து எடுங்கள். பிடித்து ஆட்டினால் பார் வளையும்.

எகிறியது பார் நுனியின் மேல் கால்பகுதி எதையோ தொட்டதால். பின்னால் இருந்த இன்னொரு கட்டையாக இருக்கலாம். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், உடல் பாரின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று இடப்புறம் இருக்க வேண்டும், மெஷினைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தினமும் தொடங்கும் முன் செயினை ஓட விட்டு, மணிக்கட்டால் முன்காப்பை (செயின் பிரேக்) தள்ளிப் பாருங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். வேட்டியும் லுங்கியும் செருப்பும் இந்த வேலைக்குக் கூடவே கூடாது. கண்ணாடி, காதுக் காப்பு, கனமான பூட்ஸ், முடிந்தால் செயின் பட்டால் நார் சிக்கி அதை நிறுத்தும் காப்புக் கால்சட்டை ஆகியவை மெஷின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டியவை.

சீகை (வாட்டில்) மரம் நன்றாக எரியும் என்றார்கள். எங்கள் அடுப்பில் அது சீறுகிறது, நுரை தள்ளுகிறது, புகைபோக்கியில் தார் மாதிரி வழிகிறது. மரம் சரியில்லையா? (வாசகி, உதகை)

மரம் அருமையான மரம். விறகு இன்னும் பச்சை. சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 1840-களில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டதே விறகுத் தேவைக்காகத்தான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். 100 கிலோ பச்சைக் கட்டை, ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் 62, 63 கிலோதான் இருக்கும். அந்த 37 கிலோ நீரை வெயிலும் காற்றும் எடுத்துப்போகாவிட்டால் உங்கள் அடுப்பின் சூடுதான் ஆவியாக்க வேண்டும். நன்கு உலர்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. ஈர விறகில் அதன் ஒரு பகுதி நீராவியோடு வெளியேறுகிறது, அடுப்பும் குளிர்ந்து, எரியாத புகை புகைபோக்கிச் சுவரில் தாராகப் படிகிறது. அந்தத் தார் பிற்பாடு தீப்பிடிக்கும். படிவு 3 மி.மீ. ஆனாலே சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

அறுப்பதை ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த ஜனவரி முதல் மே வரையிலான மாதங்கள் முழுவதும் உலர்வதற்குக் கிடைக்கும். அடுப்பின் உள்நீளத்தைவிட 2 அங்குலம் குறைவாகத் துண்டு போட்டு, உடனே பிளந்துவிடுங்கள். முழு உருட்டுக் கட்டையில் பட்டை ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும், வருடம் ஆனாலும் நடு உலராது. 3 முதல் 5 அங்குல அகலத்துக்குப் பிளந்து, தரையிலிருந்து அரையடி உயரத்தில், காற்று வரும் திசைக்குக் குறுக்கே ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். மேலே தகரம் போதும். நான்கு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் விறகு பூஞ்சை பிடிக்கும். நீலகிரியில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

உலர்ந்ததா என்று அறிய நான்கைந்து துண்டில் எண் எழுதி எடை குறித்து வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காற்றில் உலரும் அளவுக்கு உலர்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்கள் துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். முனையில் குத்தினால் பொய் சொல்லும்.

கற்பூர மரத்தைப் பிளக்க முடியவில்லை, கோடாரி எகிறுகிறது. (வாசகர், கோத்தகிரி)

காய விட்டிருப்பீர்கள். அதன் இழை முறுக்கிப் பின்னியது, காய்ந்தால் இரும்பாகிவிடும். வெட்டிய சில நாட்களுக்குள் பிளந்துவிட வேண்டும். நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாகச் சீவி வாருங்கள். சில்வர் ஓக் இதற்கு நேரெதிர், ஒரே போடில் வாய் பிளக்கும்.

எங்கள் பட்டா நிலத்து மரம்தானே, விறகுக்கு வெட்டலாமா? (வாசகர், குன்னூர்)

கேட்காமல் வெட்டக் கூடாது. 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்துக்கும் பொருந்தும். ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் விண்ணப்ப விவரம் கேளுங்கள். மரத்தைச் சாய்ப்பதைப் பழகிய ஆளிடம் விடுங்கள்; கீழே கிடப்பதைத் துண்டு போடுவதே வீட்டுக்காரர் வேலை.

கனடா, ஒன்டாரியோவில் கிராமப்புற வீடு வாங்கியிருக்கிறோம், விறகு அடுப்பு இருக்கிறது. விறகு விற்கும் அளவான ஒரு கோர்ட் (cord) என்றால் எவ்வளவு? தூரத்து நண்பரின் காணியில் பட்டுப்போன ஆஷ் மரங்களை ஏற்றி வரலாமா? (வாசகர், ஒன்டாரியோ)

முழுக் கோர்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி. பேஸ் கோர்ட் என்று விற்பதில் அகலம் பெரும்பாலும் 16 அங்குலம்தான், மூன்றில் ஒரு பங்கு. விலை பேசும்முன் எது என்று கேட்டுவிடுங்கள்.

ஆஷ் மரங்களை ஏற்றி வர வேண்டாம். அவற்றைக் கொன்றது 2002-இல் வின்ட்சர் பகுதியில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை நிறத் துளைப்பான் வண்டு. அது தூரம் தாண்டுவதே பட்டைக்கு அடியில், விறகோடு விறகாக. கனடிய உணவு ஆய்வு முகமை விறகை இடம் மாற்ற வேண்டாம் என்று வலியுறுத்துகிறது, கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து எடுத்துச் செல்வது சட்டப்படியும் தடை. அந்த விறகை அங்கேயே எரிக்கலாம். உங்கள் ஊரில் கிடைக்கும் மேப்பிளைப் பிளந்து ஒரு வருடம், ஓக்கை இரண்டு வருடம் உலர்த்துங்கள். குளிர்காலத்தில் உறைந்த துண்டுகள் சுலபமாகப் பிளக்கும், ஆனால் செயினை விரைவில் மழுங்கடிக்கும். செயின் ஆயிலும் குளிர்கால ரகமாக இருக்கட்டும்.

விறகு எரிந்து முடிந்த கரியைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் குளிர்காயலாமா? புகைதான் வருவதில்லையே. (வாசகி, கொடைக்கானல்)

வேண்டவே வேண்டாம். புகை இல்லாத கரிதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடுகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை, தூங்குபவர் விழிக்கவே மாட்டார். கதவடைத்த அறையில் கரிச் சட்டி வைத்துப் படுத்துப் பயணிகள் இறந்த செய்திகள் உங்கள் ஊரிலிருந்தே வந்திருக்கின்றன. புகைபோக்கி இணைத்த அடுப்பு மட்டுமே வீட்டுக்குள் இருக்கலாம். தணல் முழுதும் அவியும்வரை புகைபோக்கியின் தடுப்பை மூடாதீர்கள். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வையுங்கள். அதற்குள் தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும்.