ஞாயிறு பள்ளிப் பொறுப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 27. தூத்துக்குடி பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. எங்கள் ஞாயிறு பள்ளியை இருபது வருடத்துக்கு மேல் நடத்திய சார், உடம்பு முடியாமல் ஈஸ்டர் முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டார். எங்கள் சபைப் போதகரான ஐயர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீதாம்மா பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். 62 பிள்ளைகள், என்னோடு சேர்க்காமல் 7 ஆசிரியர்கள். அதில் இரண்டு பேர் எனக்கே சொல்லிக்கொடுத்தவர்கள்.

எனக்குக் கதை சொல்ல வரும், பாட்டும் வரும். ஆனால் பொறுப்பு எடுத்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறேன். யாராவது வரவில்லை என்றால் அந்த வகுப்பையும் என் வகுப்போடு சேர்த்துக்கொள்கிறேன். மே மாதம் விபிஎஸ்-ல் (விடுமுறை வேதாகமப் பள்ளி) கதை, பாட்டு, கைவேலை, ஜூஸ் கலக்குவது வரைக்கும் நானே. பத்தாம் நாள் முடிந்த கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டேன். மூத்த டீச்சர் ஒருவர் பிள்ளைகளை ரொம்பத் திட்டுகிறார், அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு தலைவியாக நான் வளர என்ன செய்ய வேண்டும்? எந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும்? சொல்லுங்கள் அக்கா.

தங்கை, எஸ்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு தேறிவிட்டதா? முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டதற்கு நேராகவே வருகிறேன். உங்களுக்கு வகுப்பு மாறிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் உங்கள் வகுப்பு என்பது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். இப்போது அந்த ஏழு ஆசிரியர்கள்தான் உங்கள் வகுப்பு. பாடத்துக்கு ஆயத்தப்படுவதும், பெயர் சொல்லி ஜெபிப்பதும், வரவில்லை என்றால் வீடு தேடிப் போவதும் இனி அவர்களுக்காக. இது புரியாமல்தான் நானும் என் 30 வயதில் பொறுப்பு எடுத்து மூன்று வருடம் உங்களைப் போலவே ஓடினேன். நான் நன்றாகக் கதை சொல்வேன் என்பதால் எல்லா வகுப்பிலும் நானே சொன்னேன், மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்து கேட்டார்கள், அப்புறம் ஒவ்வொருவராக வராமலே போய்விட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று ஐயரிடம் குறை சொன்னேன். அவர்களுக்கு நான் வேலையே வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை.

ஞாயிறு பள்ளி எப்படி ஆரம்பித்தது என்று கொஞ்சம் பாருங்கள். இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்று ஒரு பத்திரிகைக்காரர். அந்த ஊரில் குண்டூசித் தொழிற்சாலை உண்டு, வாரத்தில் ஆறு நாளும் வேலை பார்க்கிற ஏழைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேட்பார் இல்லாமல் தெருவில் கிடந்தார்கள். 1780-ல் அதைப் பார்த்த ரெய்க்ஸ் செய்த முதல் காரியம் ஆள் தேடியது. வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெண்கள் அந்தப் பகுதியில் யார் யார் என்று விசாரித்து, நான்கு பேரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் கூலி பேசி, பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பினார். பிள்ளைகளிடம் அவர் கேட்டது கை முகம் கழுவி, தலை வாரி வர வேண்டும் என்பது மட்டும்தான். சரித்திரத்தில் ரெய்க்ஸ் பெயர் நிற்கிறது, சரி. ஆனால் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண்கள்.

வேதாகமத்தில் மோசேக்கும் அவர் மாமனார் எத்திரோவுக்கும் நடந்த பேச்சு உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்கள் நிற்கிறார்கள், மோசே ஒரே ஆளாக எல்லார் வழக்கையும் தீர்க்கிறார். மாமனார் அதைப் பார்த்துவிட்டு, இது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். இந்த இரண்டாவது பாதியை நாம் வாசிக்காமலே தாண்டிவிடுகிறோம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தது எல்லாருக்கும் தெரிந்தது. சும்மா உட்கார்ந்தே சோர்ந்துபோன அந்த ஏழு பேரை யார் பார்த்தார்கள்?

இனி உங்கள் சபையில் என்ன செய்யலாம் என்பது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது எந்த வகுப்பும் எடுக்காதீர்கள். பாலர் வகுப்பில் போய்ப் பின்னால் பாயில் உட்காருங்கள். கையில் நோட்டு வேண்டாம், தப்புக் கண்டுபிடிக்க வந்தது போல் இருக்கும். பிள்ளைகளின் உயரத்தில் இருந்து பாருங்கள், அவ்வளவுதான். நான் அப்படி உட்கார ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கான பாலியர் ஞாயிறுக்கு முந்தின வாரம். 23-ம் சங்கீதம் ஒப்புவிக்கும் போட்டிக்காகக் கோயில் வராந்தாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தோம். ஆறு வயதுப் பெண் ஒருத்தி, இரட்டைச் சடை, கையைக் கட்டிக்கொண்டு நல்ல சத்தமாக ஆரம்பித்தாள்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ப்பாள் அடையேன்." "தாழ்ச்சியடையேன்" என்பதுதான் வசனம். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நானும் சிரித்தேன். அவள் நிறுத்திவிட்டாள். பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. போட்டியிலும் அவள் சேரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அன்றைக்குச் சொன்னாயே, அதற்கு என்ன அர்த்தம் என்று மெதுவாகக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "ஏசப்பா காவலுக்கு இருக்காருல்ல, அதான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டாம்." அவள் அப்பா ராத்திரி ஷிஃப்ட் போகிறவர். அம்மா தினமும் இரண்டு தடவை தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம். அந்தச் சங்கீதத்தை அந்த வராந்தாவில் அவளை விட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் யாரும் இல்லை. நாங்களோ அவளைச் சிரித்து அனுப்பிவிட்டோம். தாழ்ச்சி என்றால் குறைவு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, நானும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். எந்த மனப்பாட வசனமானாலும், அதை ஒப்புவிக்கச் சொல்வதற்கு முன்னால் ஒருதரம் சத்தமாக வாசித்துவிட்டு, "உனக்கு இதில் என்ன கேட்டது?" என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். நம்முடைய வேதாகமத் தமிழ் பழைய தமிழ். பெரியவர்களான நாமே பாதி வார்த்தையைப் பழக்கத்தில் தாண்டிப் போகிறோம். இப்போது கூடுதலாக, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகள் தமிழ் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணுகிறார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வகுப்பில் பத்து நிமிஷம் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள், ரெய்க்ஸ் காலத்தில் ஞாயிறு பள்ளியின் வேலையே அதுதானே.

அந்த மூத்த டீச்சர் விஷயம். ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பொதுவாகச் சொல்வது போல் சொல்லாதீர்கள், யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற அப்பொல்லோ நன்றாகப் பேசக்கூடியவர், ஆனால் அவருக்குத் தெரிந்தது அரைகுறை. ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டுதான் மீதியை விளக்கினார்கள். நீங்களும் ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போங்கள், பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு. உங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததில் இன்றைக்கும் நினைவில் நிற்பது எது என்று சொல்லுங்கள், நிஜமாகவே ஒன்று இருக்கும், யோசித்துப் பாருங்கள். அவர் வகுப்பில் இப்போது எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். முட்டி வலியாக இருக்கலாம், தரையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருப்பதால் எரிச்சல் வரலாம். ஒரு நாற்காலியில் தீருகிற காரியத்தைக் குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். எல்லாம் கேட்ட பிறகும் அவர் மாறவில்லை என்றால், பிள்ளைகள் பயந்து நிற்கிறதைப் பார்த்தேன் டீச்சர், எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள் என்று ஆண்டவர் சொன்னது வெளியாட்களிடம் அல்ல, கூடவே நடந்த சீஷர்களிடம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேர ஆயத்தக் கூட்டம் உங்கள் சபையில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றால் முதலில் அதை ஆரம்பியுங்கள். பாடத்தை நீங்கள் நடத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு ஆசிரியர், வகுப்பில் சொல்வது போலவே கதையைச் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டு எங்கே நன்றாக இருந்தது, எங்கே புரியவில்லை என்று சொல்லட்டும். முதல் மாதம் கூச்சமாகத்தான் இருக்கும். கதைப் பகுதியை வேதாகமத்திலிருந்தே இரண்டு தடவை சத்தமாக வாசிப்பது முக்கியம், ஆசிரியர் கையேட்டில் இருக்கிற சுருக்கத்தை வைத்துக்கொண்டு கதை சொன்னால் அது வற்றிப்போய்விடும்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதே இல்லை. பல சபைகளில் ஆராதனை நேரத்திலேயே ஞாயிறு பள்ளியும் நடக்கிறது. அந்த ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் ஒரு பிரசங்கம் முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் சபையிலும் அப்படித்தான் என்றால், மாதம் ஒரு ஞாயிறு ஒவ்வொருவருக்கும் ஓய்வு கொடுத்து, குடும்பத்தோடு ஆராதனையில் உட்கார வையுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாற்றுக்கு ஆள் எங்கே என்பீர்கள். சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் முடிந்ததும் காணாமல் போகிறார்களே, அந்தப் பிள்ளைகள்தான். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, டியூஷன் இருக்கிறது என்பார்கள், நிஜமாகவே இருக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தால் போதும் என்று சொல்லி, பாலர் வகுப்பில் ஒரு ஆசிரியருக்குக் கூடமாட உதவியாகப் போடுங்கள். 1868-ல் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர், ஸ்கிரிப்சர் யூனியன் ஊழியத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், வேல்ஸ் நாட்டில் லான்டிட்னோ கடற்கரையில் மணலில் தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று பெரிதாக எழுதிவிட்டு, சுற்றி நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த எழுத்துகளைச் சிப்பியாலும் கல்லாலும் கடல்பாசியாலும் நிரப்பச் சொன்னாராம். அவர்கள் நிரப்பி முடித்த பிறகுதான் கதை சொன்னார். அடுத்த விபிஎஸ்-ல் நீங்கள் கோடு மட்டும் போடுங்கள். பாட்டு ஒருவருக்கு, கைவேலை ஒருவருக்கு, ஜூஸ் அந்தப் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு. அவர்கள் கோணல்மாணலாகச் செய்தாலும் நடுவில் போய்க் கையை வைக்காதீர்கள், இதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கப்போகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், பொறுப்பு உங்கள் கையில் இருப்பதால். எந்த அறையிலும் ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்திருக்க வேண்டும். பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது யார், கூப்பிட வருகிறவர்கள் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகி இருக்க வேண்டும். பிள்ளைகள் போட்டோவைப் பெற்றோரிடம் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். யாரைப் பற்றியாவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால், நம்புங்கள். சபை பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம் என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் தெரிவிக்க வேண்டும், மறைப்பது 21-வது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டுங்கள். இதில் யார் தயவும் பார்க்க வேண்டாம், ஐயராக இருந்தாலும் சரி, கமிட்டி மெம்பராக இருந்தாலும் சரி.

பயிற்சிக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1876-ல் தொடங்கிய இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியத்துக்குக் குன்னூரில் மையம் இருக்கிறது, உங்கள் திருமண்டலத்திலும் விபிஎஸ்-க்கு முன்னால் பயிற்சி வைப்பார்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். அந்த மூத்த டீச்சரையோ, ரொம்பப் பேசாத ஒரு ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு வருவது, அங்கே கற்றதை விட அதிகமாக உதவும்.

முடிந்தால் இந்த வாரமே பழைய சாரைப் போய்ப் பாருங்கள். 62 பிள்ளைகளில் எந்தெந்த வீட்டில் என்ன நிலைமை என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், அதை எழுதி வைத்திருக்க மாட்டார். ஒரு நோட்டு எடுத்துப் போய், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடியாது, நான்கைந்து தடவை போக வேண்டி வரும். அவருக்கும் அது சந்தோஷமாக இருக்கும். சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆனதும் எனக்கு எழுதுங்கள், அந்த டீச்சர் என்ன சொன்னார் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா