மாமாவின் முப்பத்திரண்டு டோன்கள்

கேள்வி: என் தாய்மாமா மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் 'பேட்டரி செக்' பட்டனை அழுத்தினால் 2.3 என்று காட்டுகிறது. பழுது பார்ப்பவர், "பத்து நிமிட வேலை, கழற்றிவிட்டுப் புதிது போட்டுவிடலாம்" என்கிறார். உள்ளே இருப்பதெல்லாம் மாமா உருவாக்கிய டோன்கள், அதாவது கீபோர்டில் எழும் ஒலி வகைகள். கொடுக்கலாமா ஐயா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி, இப்போது வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தில் மாமாவின் முப்பத்திரண்டு டோன்களும் அழிந்துவிடும். இதே வேலையை இதே அவசரத்தில் நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். தேவாலயத்தில் வாசிக்கும் பெரியவர் ஒருவரின் கீபோர்டு அது. புது பேட்டரி போட்டு ஆன் செய்தபோது டோன்களின் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கிறுக்கல் எழுத்துகள். அவர் என்னைத் திட்டவில்லை. "எட்டு வருடமாகச் சேர்த்தது" என்று மட்டும் சொன்னார். அதன்பின் டோன்களைச் சேமித்து வைக்காமல் எந்த மூடியையும் நான் திறந்ததில்லை.

1983-இல் வந்த கருவி அது. கரண்ட் போனால் நினைவகம் தானாக எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. உள்ளே பற்றவைத்திருக்கும் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் லித்தியம் செல்தான் அதைக் காப்பாற்றுகிறது. இந்த வகை செல் பல ஆண்டுகள் மூன்று வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசிக் காலத்தில் சரசரவென்று இறங்கிவிடும். அதனால் 2.3 என்றால் நாளை, மறுநாள் என்று தள்ளிப்போடக் கூடாது. கீபோர்டு ஆனில் இருக்கும்வரை நினைவகத்துக்கு மின்சாரம் மின் இணைப்பிலிருந்தே போகும், செல் செலவாகாது. சேமிக்கும் வேலை முடியும்வரை ஆஃப் செய்யாதீர்கள்.

மிடி என்பது இசைக்கருவியும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு. கீபோர்டின் மிடி அவுட்டிலிருந்து கணினிக்கு இணைப்பு கொடுங்கள். மிக மலிவான மிடி-யுஎஸ்பி கேபிள்கள் நீண்ட தகவலைப் பாதியில் விட்டுவிடும், எனக்கே நடந்திருக்கிறது. கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள், இரவல் கிடைத்தாலும் போதும். 'ஃபங்ஷன்' நிலையில் எட்டாம் பட்டனை அழுத்தி, 'சிஸ் இன்ஃபோ' என்பதை 'அவெயில்' என்று மாற்றுங்கள். மறுபடி எட்டை அழுத்தினால் 'மிடி டிரான்ஸ்மிட்?' என்று கேட்கும். கணினியில் சிஸ்எக்ஸ் (கருவி மிடி வழியே மொத்தமாக அனுப்பும் தகவல்) பதிவு செய்யும் மென்பொருள் காத்திருக்கும்போது 'யெஸ்' கொடுங்கள்.

வந்த கோப்பின் அளவைப் பாருங்கள். சரியாக 4104 பைட் இருக்க வேண்டும். ஒரு டோனுக்கு 128 பைட் வீதம் முப்பத்திரண்டுக்கு 4096. மீதி எட்டும் முன்னும் பின்னும் வரும் குறிகள். ஒரு பைட் குறைந்தாலும் திரும்ப அனுப்புங்கள். பிறகு டெக்செட் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, பெயர்களைப் படித்து, ஒவ்வொன்றையும் வாசித்துக் கேளுங்கள். இந்தக் கருவியில் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். நாதஸ்வரம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் சரியாகப் பத்து வரும். மெல்லிசைக்காரர்களின் கீபோர்டுகளில் அந்தப் பெயரை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமாவும் வைத்திருக்கலாம். கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.

இதன்பின் பழுது பார்ப்பவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். பழைய செல் தகட்டுக் கால்களோடு போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்த இடத்தில் செல் ஹோல்டர் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை சால்டரிங் வேலையே இருக்காது. புது செல்லின் மேல் நேரடியாகச் சூடு வைக்கவே கூடாது, வெடிக்கக்கூடும். எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் செய்யும் வகையும் வேண்டாம். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் அதன் மின்னழுத்தம் வேறு, இந்தக் கருவி அதைச் சார்ஜ் செய்யாது. கழற்றுவதற்கு முன் நேர்முனை, எதிர்முனை தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும்.

செல் மாறியதும் திரையில் கிறுக்கல் எழுத்துகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், நினைவகம் காலி, அவ்வளவுதான். நினைவகத்தை மாற்றவிடாமல் பூட்டி வைக்கும் 'மெமரி புரொடெக்ட்' இன்டர்னலை 'ஆஃப்' செய்துவிட்டு, சேமித்த கோப்பைக் கணினியிலிருந்து திரும்ப அனுப்புங்கள். இந்த முறை கேபிள் மிடி இன்னில் இருக்க வேண்டும். 'சிஸ் இன்ஃபோ' மறுபடி 'அவெயில்' ஆக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாமாவின் பெட்டியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, ராம் கார்ட்ரிட்ஜ் (டோன்களைச் சேமிக்க கீபோர்டில் செருகும் பெட்டி) ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். அதில் இன்னும் முப்பத்திரண்டு டோன்கள் இருக்கலாம். அதற்குள்ளும் தனியாக ஒரு பேட்டரி உண்டு, அதற்கும் வயதாகியிருக்கும். ஆனால் கார்ட்ரிட்ஜை உள்நினைவகத்தில் ஏற்றினால் அங்கிருப்பது அழிந்துவிடும். ஆகவே முதல் கோப்பைச் சரிபார்த்து முடித்த பிறகே அதைச் செருகுங்கள்.