நான்கு வயதுக் குழந்தைக்குக் கரடி வேடம் வேண்டாம்

வணக்கம் சகோதரி. மே மாதம், சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் பிறந்தநாள் விழா, 15 குழந்தைகள். முகமூடியைப் பார்த்தாலே அலறும் 4 வயது மகள். ஆனாலும் கரடி வேடக்காரரை அழைக்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அழைக்காதீர்கள். விழா அவளுடையது, அன்று அவள் அழக் கூடாது.

அதற்குப் பதில் கைப்பொம்மைக் கதை வையுங்கள். பழைய காலுறையில் பொத்தான் கண்கள் தைத்தால் போதும். கதை சொல்லும் மாமா திரைக்குப் பின்னால் மறையாமல் முகம் தெரிய உட்காரட்டும். பொம்மையைப் பேச வைப்பது மாமாதான் என்று தெரிந்தால் பயம் வராது. கதையில் ஒரு குரங்குப் பொம்மை ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறட்டும். குழந்தைகளும் சேர்ந்து எண்ணுவார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், இந்த வயதில் அதற்கு மேல் உட்காரமாட்டார்கள்.

சேலத்து வெயிலில் தளம் மாலையிலும் சுடும். ஐந்தரைக்குப் பிறகு தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் பாய் விரியுங்கள். கைப்பிடிச் சுவர் அருகே பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைத்துவிடும்.

இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காய்களும் வைத்த தட்டுவடை செட் பெரியவர்களுக்கு இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் காரச் சட்னி இல்லாமல் துருவிய கேரட், பீட்ரூட் மட்டும் வைத்துக் கொடுங்கள்.