மலைப்பாதையும் குழந்தையின் கார் சீட்டும்: உங்கள் கேள்விகள்

இந்த முறை மலையில் குடியிருப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சமவெளிக்காரர்களுக்குச் சொல்லும் பதில் இங்கே பாதிதான் பொருந்தும். ஊருக்குள் சமதரை என்பதே அபூர்வம், குழந்தை வருஷத்தில் பாதி நாள் ஸ்வெட்டரோடு இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோவைக்கோ மதுரைக்கோ இறங்கியாக வேண்டும்.

எங்கள் மலையில் முப்பதைத் தாண்டி வண்டி ஓட்டவே முடியாது. அந்த வேகத்துக்கு கார் சீட் எதற்கு? பாட்டி மடியில் பேரன் நன்றாகத்தான் தூங்குகிறான். (கோத்தகிரி)

முப்பதுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 85 கிலோவைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். பாட்டியை விடுங்கள், மூட்டை தூக்கிப் பழகியவர் கையாலும் முடியாது. பாட்டியும் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய எடையும் சேர்ந்து பிள்ளை மேல் விழும். எதிரே வருகிறவர் முப்பதில்தான் வருவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் நீங்களே எழுபதில் போவீர்கள், அப்போது பேரன் மடியில் தூங்கிக்கொண்டிருப்பான்.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் பாட்டியிடம் சட்டம் பேசிப் பயன் இல்லை. சீட்டுக்குப் பக்கத்து இடத்தை அவருக்கே கொடுத்து, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் சண்டை இதோடு முடிந்துவிடும்.

மகளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தால் காலை மடக்கிக்கொள்கிறாள், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறாள். திருப்பி வைத்துவிடலாமா? (குன்னூர்)

இப்போது வேண்டாம். அந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து எலும்பு இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை. முன்பக்கம் பார்த்து இருக்கும்போது கார் மோதினால் வார் தோளைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்துக்குப் போகும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டின் முதுகுப்பலகை ஒன்றாகத் தாங்குகிறது. கார் சீட்டுகளுக்கான ஐரோப்பிய ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம்தான் என்கிறது. உங்கள் சீட்டில் எழுதியுள்ள எடையும் உயரமும் இடம் கொடுக்கும் வரை அப்படியே வைத்திருங்கள் என்பேன், நான்கு வயது ஆனாலும் சரி. கால் மடங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குழந்தைகள் வீட்டிலும் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார்கள்.

வாந்திக்கு முக்கால்வாசிக் காரணம் ஓட்டுகிறவர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மறுபடி பாய்ச்சுகிறவர் பக்கத்தில் பெரியவர்களுக்கே வயிறு புரளும். ஒரே சீராக, கியரில் பிடித்து ஓட்டச் சொல்லுங்கள். கிளம்புவதற்குச் சற்று முன் வயிறு முட்டப் பால் வேண்டாம். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடுங்கள். படப் புத்தகம், செல்போன் இரண்டும் மேட்டுப்பாளையத்தோடு சரி. பர்லியாறில் நிறுத்தி, சீட்டிலிருந்து வெளியே எடுத்து, கால் மணி நேரம் நடக்க விடுங்கள். வாந்தி எடுக்கிறாளே என்று மலையேறும் வழியில் மட்டும் மடிக்கு மாற்றுவது இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

எந்த பிராண்ட் நல்லது? (ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று நிறையப் பேர்)

பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். முத்திரையைப் பாருங்கள்: ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பிய ஆரஞ்சு நிற வில்லை, அல்லது நம் ஊர் ஏஐஎஸ்-072. இதில் ஒன்றும் இல்லாமல், துணிப்பையில் நாலு வார் தைத்து ஆன்லைனில் மலிவாக விற்பதை வாங்காதீர்கள். மோதலில் அது ஒன்றையும் தாங்காது.

அடுத்தது, பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிக்காமல், கோவை போகும்போது காரையே கடை வாசலுக்கு ஓட்டிப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். விலை கூடிய சீட் உங்கள் காரில் ஆடினால், ஆடாமல் உட்காரும் மலிவான சீட்டே மேல். புதுக் கார் வாங்கும் எண்ணமிருந்தால் கார்களை மோதவிட்டு மதிப்பிடும் பாரத் என்சிஏபி சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று தனியாகப் பாருங்கள். மொத்தம் 49. விளம்பரத்தில் நட்சத்திரம் மட்டும்தான் பெரிதாக இருக்கும்.

மாட்டியபோது சாய்வுக்கோடு சரியாக இருந்தது. ஆனால் வண்டி ஓடும்போது மூன்று மாதக் குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் படுகிறது. என்ன தவறு? (வெலிங்டன்)

எங்கே நிறுத்தி மாட்டினீர்கள்? வீட்டு வாசல் சரிவில் என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. சீட்டின் பக்கவாட்டில் உள்ள கோடு, கார் சமதரையில் நிற்கும்போது மட்டும்தான் உண்மை சொல்லும். காரின் மூக்கு தாழ்ந்து நிற்கும் இடத்தில் கோட்டைச் சரிபார்த்தால் சீட்டைத் தேவைக்கு மேல் நிமிர்த்தி வைத்துவிடுவீர்கள். பிறகு மலை ஏறும்போது கார் மூக்கைத் தூக்கும், பின்பக்கம் பார்த்த சீட் இன்னும் நிமிரும், குழந்தையின் தலை கவிழும். சின்னக் குழந்தைக்கு இது மூச்சையே அடைக்கக்கூடியது. அதனால் முதல் வேலை, சமதளம் தேடுவது. பெட்ரோல் பங்க் தளம், பள்ளி மைதானம், கல்யாண மண்டபத்தின் முற்றம் எதுவானாலும் சரி. செல்போனில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் காரின் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை சாய்க்கலாம் என்று ஒரு வரம்பு காட்டியிருந்தால், கைக்குழந்தைக்கு அதில் அதிகம் சாய்ந்த பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டில் மாட்டும் சீட் என்றால், அதற்குள் முழங்காலை ஊன்றி உடல் எடையைக் கொடுத்துக்கொண்டே பெல்ட்டை இழுங்கள். இழுத்த பிறகு, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டிவிட்டு ஆடுகிறதே என்று பயப்படாதீர்கள், அங்கே கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் காரின் பின் சீட் இடுக்கில் உள்ள கம்பிகளிலேயே மாட்டும் வகை என்றால், இரண்டு பக்கமும் டக்கென்று பிடித்து, அடையாளம் பச்சைக்கு மாற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதோடு வேலை முடியவில்லை. மோதும்போது சீட் முன்னால் கவிழாமல் தடுப்பது மேல் வாரோ தாங்கு காலோ தான். மேல் வாரை மாட்டும் கொக்கி பின் சீட்டின் முதுகிலோ டிக்கியிலோ நங்கூரப் படத்தோடு இருக்கும். காய்கறிப் பை மாட்டும் கொக்கியில் அதை மாட்டி வைத்திருப்பவர்கள் உண்டு, முதல் இழுப்பிலேயே அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தாங்கு கால் உள்ள சீட் என்றால் அது தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். கால் வைக்கும் இடத்தில் மூடி போட்ட அறை உள்ள கார்களில் அந்த மூடி மேல் ஊன்றாதீர்கள்.

குழந்தையின் வாரையும் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் பார்த்த சீட்டில் அது தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்பக்கம் பார்த்ததில் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. இறுக்கியபின் தோளெலும்புக்கு மேல் வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வந்தால் இன்னும் இறுக்கலாம்.

முன் சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்பக்கம் பார்த்த சீட்டை அங்கே வைக்கவே கூடாது. அது வெடித்து விரிவது நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால்.

அமெரிக்காவிலிருந்து அக்கா கார் சீட் கொண்டுவந்தார். நன்றாக இறுக்கித்தான் மாட்டுகிறேன், நாலு வளைவு திரும்பினால் தளர்ந்துவிடுகிறது. (அருவங்காடு)

சீட்டில் கோளாறு இல்லை. அமெரிக்கக் கார்களின் பின் சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், பிறகு உள்ளே மட்டும்தான் போகும். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் திடீர் இழுப்புக்கு மட்டும் பூட்டும் பெல்ட்தான். ஒவ்வொரு வளைவிலும் சீட் சாயச் சாய அது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட வந்த சாமான்களில் எச் வடிவ உலோகக் கிளிப் ஒன்று கிடக்கலாம், பெட்டியைத் தூக்கிப் போடும்முன் தேடுங்கள். பெல்ட்டின் இரண்டு பட்டைகளையும் அதில் சேர்த்துக் கோத்து, பக்கிளை ஒட்டினாற்போல் போட வேண்டும். உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருந்தால் இன்னும் சுலபம், அந்த சீட்டின் கீழ்க்கொக்கிகளை அதிலேயே மாட்டி மேல் வாரையும் இறுக்கிவிடலாம். எத்தனை கிலோ வரை என்பதை மட்டும் இரண்டு கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் விடியற்காலை கிளம்பினால் உறைபனி. ஜெர்கின் மேலேயே வாரைப் போடலாமா? (ஊட்டி)

கூடாது. பஞ்சு அடைத்த ஜெர்கின் மோதலில் நசுங்கிவிடும், வாருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பிடி இடைவெளி விழும். நம்பிக்கை வராவிட்டால் ஜெர்கினோடு இறுக்கிப் பாருங்கள், பிறகு வாரின் நீளத்தைத் தொடாமல் ஜெர்கினை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுங்கள். எவ்வளவு தொளதொளப்பு என்று கண்ணாலேயே தெரியும். ஒட்டிய ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போதும். வாரைப் பூட்டியபின் மேலே கம்பளியைப் போர்த்துங்கள். ஹீட்டரை ஐந்து நிமிடம் முன்னதாகப் போட்டு வைக்க அப்பாக்களுக்கு என்ன வேலை?

கொடைக்கானலில் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறேன். கஸ்டமர்கள் கார் சீட் கொண்டுவருகிறார்கள், என் வண்டியில் உட்கார மாட்டேன் என்கிறது. வத்தலக்குண்டிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது.

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. முதலில் பின் சீட்டின் உறையைக் கழற்றுங்கள். நம் டாக்சிகளில் பக்கிள்கள் பாதி நேரம் உறைக்கு அடியில்தான் புதைந்து கிடக்கின்றன. வழுக்கும் ரெக்சின் உறையும் அதன் மேல் விரித்த டர்க்கி டவலும் சீட்டை நிற்கவிடாது. பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், சில வண்டிகளில் அது நீளம் போதாது. நடு இடத்தில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால், பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட்டை வைக்க முடியாது, பூஸ்டருக்குத் தோள் பெல்ட் கட்டாயம். முன்பதிவு செய்கிறவர்களுக்குப் பின் சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், எதைக் கொண்டுவருவது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். ஏரியைச் சுற்றும்போது குழந்தையை சன்ரூஃப் வழியே நிற்கவைக்கக் கேட்டால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எஸ்டேட் ஜீப்பில் பின்னால் எதிரெதிரே பெஞ்ச் சீட். அதில் எப்படி மாட்டுவது? (பந்தலூர்)

மாட்ட முடியாது. பக்கவாட்டில் பார்க்கும் இருக்கைக்கு எந்தக் கார் சீட்டும் செய்யப்படவில்லை. நடுவரிசையில் முன்னோக்கிய இருக்கையும் மூன்று முனை பெல்ட்டும் இருந்தால் அங்கே வையுங்கள். அதுவும் இல்லையென்றால் கீழே இறங்கும் நாளைக்கு மட்டுமாவது வேறு வண்டி பாருங்கள்.

மழைக்காலத்தில் சீட் துணியில் பூசணம் பிடிக்கிறது. வாரைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடலாமா? (ஊட்டி)

உறையைத் துவைக்கலாம், வாரைக் கூடாது. ஊறவைப்பதும் பிளீச்சும் அதன் இழையைக் கெடுக்கும். வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்புத் துணியால் துடைத்து, காற்றில் உலரவிடுங்கள். ஜூலையில் எங்கே உலரும் என்று கேட்பீர்கள். சீட்டைக் கழற்றி அடுப்படிக்குப் பக்கத்து அறையில் வையுங்கள், அடுப்புக்கு நேர் எதிரே வேண்டாம். திரும்ப மாட்டும்போது மறுபடி சமதளம்.

பழைய சீட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. (குன்னூர்)

விற்பவர் தெரிந்தவரா, அது விபத்தில் சிக்கியிருக்கிறதா என்ற இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் யோசிக்கலாம். அடியில் பிளாஸ்டிக்கில் தயாரிப்புத் தேதியோ காலாவதித் தேதியோ அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வருஷம்தான் ஆயுள். முத்திரை வில்லை கிழிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

எங்களுக்குக் கார் இல்லை, ஸ்கூட்டர்தான். மூன்று வயதுப் பையனை முன்னால் நிற்கவைத்துத்தான் பால்வாடிக்குக் கூட்டிப்போகிறேன். (கோத்தகிரி)

முன்னால் நிற்கவைப்பதை இன்றே நிறுத்துங்கள். நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது: ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், வேகம் 40-க்கு மேல் கூடாது. பையன் உங்களுக்குப் பின்னால், வார் உங்கள் தோளில். மழை நாளில் யூகலிப்டஸ் இலை கிடக்கும் இறக்கத்தில் இருபதே அதிகம்.