ராபின் ஹாப்: ஃபிட்ஸின் கதைக்கு நடுவே வரும் கப்பல் நாவல்களைத் தாண்டிப் போகலாமா?

அமெரிக்க மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத்தாளர் ராபின் ஹாபின் தொடரில், ஃபிட்ஸ் என்ற நாயகன் வராத கப்பல் நாவல்களை விட்டுவிட்டு அவன் கதையை மட்டும் தொடரலாமா என்பது கேள்வி. கேட்டவர் அவன் கதையின் மூன்றாம் நூலான "அஸாசின்ஸ் குவெஸ்ட்" நாவலை இப்போதுதான் முடித்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன். மூன்று தடித்த நூல்கள் முழுவதும் ஃபிட்ஸின் குரலையே கேட்டுப் பழகி, அவனுக்காகவும் அவனுடைய ஓநாய்க்காகவும் தூக்கம் கெட்டு, அடுத்த நூலைத் திறந்தால் வேறு ஊர், வேறு குடும்பம், வாய் திறந்து பேசும் கப்பல். எரிச்சல் வருவதில் வியப்பில்லை. தாண்டினால் உங்களை யாரும் தண்டிக்கப் போவதில்லை. காசு உங்களுடையது, நேரமும் உங்களுடையது. ஆனால் தாண்டக் கூடாது என்பதே என் பதில். "அது வேறு தொடர், விட்டுவிட்டு நேரே 'ஃபூல்ஸ் எர்ரண்ட்' படியுங்கள்" என்ற ஒற்றை வரிப் பதிலை இந்தக் கேள்விக்குப் பலர் எழுதிப் பார்த்துவிட்டதால், சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிவிடலாம். இந்தக் கதைகள் நடக்கும் கற்பனை உலகத்தை எல்டர்லிங் உலகம் என்பார்கள்; அதில் நடக்கும் நாவல்கள் மொத்தம் 16. ஃபிட்ஸ் இளைஞனாக இருக்கும் மூன்று நூல்கள் 1995 முதல் 1997 வரை வெளிவந்தன. கப்பல் வணிகர் குடும்பங்களின் கதையான "ஷிப் ஆஃப் மேஜிக்", "மேட் ஷிப்" (பிரிட்டனில் "த மேட் ஷிப்"), "ஷிப் ஆஃப் டெஸ்டினி" ஆகியவை 1998 முதல் 2000 வரை. மீண்டும் ஃபிட்ஸ், "ஃபூல்ஸ் எர்ரண்ட்" நூலில் தொடங்கி மூன்று நாவல்கள், 2001 முதல் 2003 வரை. பிறகு, டிராகன்களைப் பற்றிய ரெயின் வைல்ட்ஸ் நூல்கள் நான்கு, 2009 முதல் 2013 வரை. இறுதியாக ஃபிட்ஸும் அவன் நண்பனான கோமாளியும் வரும் மூன்று நூல்கள், 2014இல் தொடங்கி 2017இல் முடிந்தன. எழுதியவர் இந்த வரிசையில் எழுதினார். கதைக்குள் காலமும் இந்த வரிசையில்தான் நகர்கிறது. 22 ஆண்டுகளாக ஒருவர் கட்டிய வீட்டில் நடுக்கூடத்தை மட்டும் பூட்டிவிட்டுப் புழங்கலாம் என்று சொல்பவர்களின் துணிச்சலை நான் மெச்சத்தான் வேண்டும்.

இதைப் பற்றி இவ்வளவு சூடாகப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் தூத்துக்குடி. என் அண்ணன் வணிகக் கப்பலில் இன்ஜினியர். நாவல் படிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் எனக்குத்தான் உண்டு. அண்ணனுக்குத் தொழில் தொடர்பான கையேடுகளும் கிரிக்கெட் செய்தியும் போதும். ஒருமுறை அவர் காண்டிராக்ட் தொடங்கிக் கிளம்பும் வேளையில், படிக்க ஏதாவது கொடு, ஆனால் தொடக்கத்திலேயே கப்பல் வர வேண்டும் என்று கேட்டார். என் அலமாரியில் அந்த நிபந்தனைக்குப் பொருந்தியது "ஷிப் ஆஃப் மேஜிக்" ஒன்றுதான். அதற்கு முன்னால் மூன்று நூல்கள் இருக்கின்றன என்பதை நான் சொன்னேன். அவற்றில் அரண்மனை வருகிறது என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். இப்படி எங்கள் வீட்டில் ஒருவர் ஃபிட்ஸிடமிருந்தும் இன்னொருவர் கப்பலிலிருந்தும் அந்த உலகத்துக்குள் நுழைந்தோம்.

அடுத்த துறைமுகத்திலிருந்து அவர் பேசியபோது, வீட்டு நலத்தை விசாரிப்பதற்கு முன்பே, "இத எழுதுனவரு கப்பல்ல இருந்தவரா?" என்று கேட்டார். ராபின் என்ற பெயரை வைத்து அவர் எழுத்தாளரை ஆண் என்றே எண்ணியிருந்தார். பெண் என்று நான் சொன்னபோது உடனே நம்பவில்லை. ராபின் ஹாப் என்ற அந்தப் புனைபெயர் எதற்காகச் சூட்டப்பட்டதோ அந்த வேலையைப் பல ஆண்டுகள் கழித்தும் ஒரு கப்பலின் இன்ஜின் ரூமில் செய்துகொண்டிருந்தது.

ராபின் ஹாபின் இயற்பெயர் மார்கரெட் ஆஸ்ட்ரிட் லிண்ட்ஹோம் ஆக்டன். 1952இல் கலிஃபோர்னியாவில் பிறந்து அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் திருமணம். பிறகு கோடியாக் தீவில் வாழ்க்கை. கணவர் கடல்தொழில் செய்தவர் என்பதால், கப்பல் கிளம்பிய பிறகு கரையில் இருப்பவர்களின் நாட்கள் எப்படிக் கழியும் என்பதை அவர் யாரிடமும் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை. தொடக்கத்தில் சிறுவர் இதழ்களுக்கு எழுதினார். 1983இல் "ஹார்பிஸ் ஃபிளைட்" முதல் நாவலாக வந்தது. அப்போது அட்டையில் இருந்த பெயர் மேகன் லிண்ட்ஹோம். அந்தப் பெயரில் 1992 வரை, இன்னொருவருடன் சேர்ந்து எழுதியதையும் கணக்கில் கொண்டால், 10 நாவல்கள் வந்தன. அவற்றுள் சியாட்டில் நகரத் தெருக்களில் நடக்கும் "விசர்ட் ஆஃப் த பிஜின்ஸ்" இன்றைக்கும் மதிக்கப்படும் நூல். விருதுப் பரிந்துரைகளும் பாராட்டும் கிடைத்தன. விற்பனைதான் பெரிதாக இல்லை.

விற்காத பெயரில் அடுத்த நூல் வந்தால், முந்தைய நூலின் விற்பனையைப் பார்த்தே கடைக்காரர்கள் பிரதிகளைக் கேட்பார்கள் என்பது பதிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். புதுப் பெயருக்கு அந்தப் பழைய பாக்கி கிடையாது. 1995இல் "அஸாசின்ஸ் அப்ரெண்டிஸ்" வெளிவந்தபோது அவருக்கு 43 வயது. ஓர் ஆண் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் கதைக்கு, ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர் ஒன்றை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பது முதலில் வெளியில் சொல்லப்படவில்லை. பத்து நாவல் எழுதியவர் அறிமுக எழுத்தாளரைப் போல வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

கப்பல் நாவல்களின் மையத்தில் இருக்கும் ஆல்தியா வெஸ்ட்ரிட்டின் கதையை இந்தப் பின்னணியோடு படித்துப் பாருங்கள். பிங்டவுன் நகரத்து வணிகக் குடும்பங்களிடம் மந்திர மரத்தில் செய்த கப்பல்கள் இருக்கின்றன. குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் அந்தத் தளத்தில் உயிர் விட்ட பிறகே கப்பலின் முகப்புச் சிலை கண் திறந்து பேசும். தந்தையோடு கடலில் வளர்ந்த ஆல்தியா, விவேஷியா என்ற அந்தக் கப்பல் தனக்கே வரும் என்று நம்புகிறாள். அது அக்காளுக்குப் போகிறது. அக்காளின் கணவன் கைல் கேப்டனாகிறான். ஆல்தியா உண்மையான மாலுமி என்று நல்ல கேப்டன் ஒருவர் சான்று கொடுத்தால் கப்பலைத் தருவேன் என்று அவன் கோபத்தில் சத்தியம் செய்துவிடுகிறான். அந்தச் சான்றுச்சீட்டுக்காக அவள் ஆண் வேடம் போட்டு, பெயரைச் சுருக்கி, விலங்குகளைக் கொன்று தோலும் எண்ணெயும் ஏற்றிவரும் ஒரு நாற்றக் கப்பலில் கடைநிலை ஆளாகச் சேர்கிறாள். எல்லா வேலையையும் செய்து முடிக்கிறாள். பெண் என்று தெரிந்ததும் சீட்டு மறுக்கப்படுகிறது.

ஆண்பெயர் போன்ற ஒன்றைச் சூடிக்கொண்டு அடியிலிருந்து தொடங்கிய எழுத்தாளர், மூன்றே ஆண்டுகளில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் எங்காவது சொல்லியிருப்பதாக நான் கூறவில்லை. ஆதாரம் கேட்டு வருபவர்கள் தயவுசெய்து இந்த வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படிக்கவும். வாசகி என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவே. ஃபிட்ஸின் நூல்களைவிட இந்த மூன்றில்தான் அவர் தனக்கு நன்கு தெரிந்த மண்ணில், அல்லது தண்ணீரில், நிற்கிறார் என்பது என் எண்ணம்.

அண்ணன் அந்தச் சீட்டுப் பகுதியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசினார். கப்பலில் வேலை செய்பவர்களுக்கு சி.டி.சி. என்ற புத்தகம் உண்டு. எந்தக் கப்பலில், எந்தப் பதவியில், எந்த நாள் ஏறி எந்த நாள் இறங்கினோம் என்பதெல்லாம் முத்திரையோடு அதில் பதிவாகும். அடுத்த வேலைக்கும் தேர்வுக்கும் அதுவே ஆதாரம். கடலில் கழித்த நாட்கள் தாளில் ஏறாவிட்டால் அவை கழிந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அண்ணன் புதிதாக வேலைக்குப் போன காலத்தில் ஒரு முகவர், பேசியதற்கு மேல் பணம் கேட்டு, அவருடைய சான்றிதழ்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையவிட்டார். அப்பா நகையை அடகு வைத்த கதை அது. கேடட்டாகச் சேர்ந்த எத்தனையோ பிள்ளைகள் எங்கள் ஊரில் இப்படிப் பணத்தைக் கட்டிவிட்டு, ஏற வேண்டிய கப்பலை இன்னும் கண்ணால் பார்க்காமல் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் உங்கள் கேள்வி காணாமல் போய்விடும் என்பதால் இத்துடன் விடுகிறேன். மாயாஜாலக் கதை என்று ஒதுக்கப்படும் ஒரு நூலில், சீட்டு கிடைக்காத ஒரு மாலுமியின் வயிற்றெரிச்சலைப் பார்த்து, நாவலே படிக்காத ஓர் ஆள் நடுக்கடலில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கைலைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுத முடியாது. அந்த மாதிரி கேப்டனிடம் ஒரு காண்டிராக்ட் முழுவதும் வேலை பார்த்திருப்பதாக மட்டும் சொன்னார்.

இனி, நீங்கள் தாண்டினால் எதை இழப்பீர்கள் என்பதற்கு வருகிறேன். சுவை கெடாத அளவுக்குத்தான் சொல்ல முடியும். பிங்டவுன் கடற்கரையில் பாரகன் என்றொரு கப்பல் கரையேற்றிக் கிடக்கிறது. அதன் முகத்தில் கண்கள் இருந்த இடத்தை யாரோ கோடரியால் வெட்டிவிட்டார்கள். குருட்டுக் கப்பல், பித்துப் பிடித்த கப்பல் என்று ஊரார் அதன் அருகே போக மாட்டார்கள். ஆம்பர் என்ற மரச்சிற்பி பின்னர் அந்த முகத்தைப் புதிதாகச் செதுக்குகிறாள். ஃபிட்ஸின் மூன்று நூல்களையும் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தப் பக்கங்களில் கை நடுங்கியது. அண்ணனுக்கு அது நன்றாக எழுதப்பட்ட ஒரு தச்சு வேலை. பிறகு அவர் ஃபிட்ஸின் நூல்களைப் படித்து, "ஃபூல்ஸ் எர்ரண்ட்" தாண்டி "கோல்டன் ஃபூல்" வரை வந்தபோதுதான், செதுக்கும் பகுதியைத் தேடி எடுத்து மறுபடி படித்தார். எந்த வாசலில் நுழைந்தாலும் இரண்டு கதையும் ஓரிடத்தில் வந்து முட்டுகின்றன. கப்பல் கதையைப் படிக்காதவருக்கு "கோல்டன் ஃபூல்" நூலில் நடக்கும் முக்கியமான சச்சரவு வெறும் கோபதாபமாகத் தெரியும். படித்தவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கடைசி நூலான "அஸாசின்ஸ் ஃபேட்" கதையிலோ ஃபிட்ஸ் தெற்கே செல்லும் பயணத்தில் எதிர்ப்படுபவர்கள் பலரும் இந்தக் கப்பல், டிராகன் நூல்களின் மனிதர்கள். அவர்களை அறியாமல் அந்த முடிவைப் படிப்பது, உறவினர் யாரென்று தெரியாமல் கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதற்குச் சமம்.

கப்பல் கதை மெதுவாக நகர்கிறது என்ற புகாரை நான் மறுக்கவில்லை. ஃபிட்ஸ் தன்னிலையில் சொல்வதால் அவன் அறிந்ததை மட்டுமே நாம் அறிகிறோம். இங்கே படர்க்கையில் பலருடைய பார்வைகள் மாறி மாறி வருகின்றன. கடற்கொள்ளைத் தலைவன் கெனிட்டுடைய மனத்துக்குள் நெடுநேரம் இருக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீரனாகத் தெரிபவன் உள்ளே என்ன கணக்குப் போடுகிறான் என்பதை ஒவ்வொரு செயலிலும் ஹாப் காட்டுகிறார். அவனை விரும்புவதா வெறுப்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஃபிட்ஸ் இல்லை என்பதற்காகக் கெனிட்டை இழப்பது நஷ்டக் கணக்கு.

இந்தக் குழப்பத்துக்கு வாசகர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பிரெஞ்சுப் பதிப்பில் பெரும்பாலான நாவல்களைச் சிறு நூல்களாகப் பிரித்து, ஃபிட்ஸின் முதல் ஆறு நாவல்களை ஒரே தொடர்ப்பெயரில் 1 முதல் 13 வரை எண் போட்டார்கள். கப்பல் நாவல்கள் வேறு பெயரில் வேறு தொடராக வந்தன. ஆறாம் எண்ணுக்குப் பிறகு ஏழாம் எண்ணைத்தானே கை தேடும்? ஆங்கிலத்திலும் மூன்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனிப் பெயரில் விற்பதன் விளைவு ஏறத்தாழ இதுவே.

ரெயின் வைல்ட்ஸ் நூல்கள் நான்கும் மற்றவற்றைவிட எடை குறைந்தவை. ஆனால் அத்தியாயங்களின் தொடக்கத்தில் புறா வளர்ப்பவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சிறு கடிதங்களுக்காக மட்டுமே நான் அவற்றைப் படிக்கச் சொல்வேன். 2005 முதல் 2007 வரை வந்த "சோல்ஜர் சன்" மூன்றும் முற்றிலும் வேறு உலகம். அவற்றைத் தாண்டினால் தொடர் அறுபடாது. லிண்ட்ஹோம் எப்படி எழுதினார் என்று பார்க்க விரும்பினால் 2011இல் வந்த "த இன்ஹெரிட்டன்ஸ்" தொகுப்பில் இரண்டு பெயர்களிலும் எழுதிய கதைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 2021இல் உலக மிகுபுனைவு வாழ்நாள் சாதனை விருதை அவருக்கு வழங்கினார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

உங்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. "அஸாசின்ஸ் குவெஸ்ட்" முடித்த சூட்டோடு கப்பலில் ஏறாதீர்கள். நடுவில் வேறு ஏதாவது சிறு நூலைப் படியுங்கள். "ஷிப் ஆஃப் மேஜிக்" கடல் பாம்புகள் பேசிக்கொள்ளும் ஒரு முன்கதையுடன் தொடங்கும். ஒன்றும் புரியாது, பலர் புத்தகத்தை மூடுவது அங்கேதான். பொறுமையாகக் கடந்து போங்கள், ஆனால் பாம்புகள் வரும் சிறு பகுதிகளை மட்டும் புரட்டித் தள்ளிவிடாதீர்கள். மால்கின், ஷ்ரீவர், செஸ்ஸூரியா என்ற மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அவை எதைத் தேடி அலைகின்றன என்பதை மூன்றாவது நூலுக்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.